ஐந்து மணித்துளி அமைதி

தை 15, திங்கள்

இன்று குலுக்கலில் என் பெயர் விழுந்தது. பரிசு ஏதுமில்லை, கூடுதல் மாத்திரைதான்.

எழுபது அகவை கடந்தோரின் குருதி அழுத்தத்தை எவ்வளவு தாழ்த்தினால் நன்மை என்று கண்டறிய மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடக்கிறது. ஒரு குழுவினருக்கு நூற்று நாற்பதுக்குக் கீழே கொண்டுவருவார்கள். மற்றொரு குழுவினருக்கு நூற்றிருபதுக்குக் கீழே. யார் எந்தக் குழு என்பதை மருத்துவரும் தேர்ந்தெடுப்பதில்லை, நாமும் தேர்ந்தெடுப்பதில்லை. கணினி தேர்ந்தெடுக்கிறது. என்னை நூற்றிருபதில் போட்டது. இன்றைய என் அளவு நூற்று அறுபத்தாறு.

காத்திருக்கும் விசிப்பலகையில் என் பக்கத்தில் அமர்ந்தவர் ஆரோக்கியசாமி. பொன்மலைத் தொடர்வண்டிப் பணிமனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். அவருக்கு நூற்று நாற்பது.

"அவருக்கு ஏசி கோச்சு, எனக்கு அன்ரிசர்வ்டா?" என்று செவிலியர் பானுவிடம் முறையிட்டார்.

"ரெண்டும் ஒரே ஊருக்குத்தான் தாத்தா போகுது" என்றார் பானு.

"அதான் எனக்கும் தெரியுதே" என்று வானத்தைக் காட்டினார் அவர்.

அளவெடுக்கும் அறை சிறியது. பலகணி இல்லை. சாய்வு நாற்காலி ஒன்று, மேசை ஒன்று, மேசைமேல் கருவி. பானு என் மேற்கையில் பட்டையைச் சுற்றியவாறே சொன்னார்: "முதுகை நல்லா சாச்சுக்கங்க ஐயா. ரெண்டு காலும் தரையில படணும். கால் மேல கால் வேணாம். பேசக்கூடாது. நான் வெளிய போயிருவேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு மெசினே மூணு தடவ அமுக்கிப் பாத்துக்கும்."

கதவை மூடிக்கொண்டு போனார்.

எட்டு மாதங்களாக எனக்கென்று மூடிய கதவுடன் ஓர் அறை வாய்த்ததில்லை. மகள் நகைமுத்துவின் அடுக்ககத்தில் கூடத்துக் கட்டில்தான் என் இருப்பிடம். மருமகன் அயல்நாட்டு நிறுவனம் ஒன்றுக்கு இரவெல்லாம் வீட்டிலிருந்தே வேலை செய்து பகலில் உறங்குகிறார். நான் தொண்டையைச் செருமினால்கூட உள்ளறையில் கட்டில் அசையும் ஓசை கேட்கும். குறை சொல்லவில்லை. நல்ல பிள்ளை.

இந்த ஆய்வில் ஏன் சேர்ந்தேன் என்பதைப் பதிந்துவைக்கிறேன். வரும் வைகாசி ஆறாம் நாள் என் மனைவி பொற்செல்வி மறைந்து ஓராண்டு. அன்று உறையூர் மண்டபத்தில் அவள் படத்திறப்பு. சடங்கு இல்லாத எங்கள் வீடுகளில் இறந்தாருக்கு நாங்கள் செய்வது அது ஒன்றுதான்: படத்தைத் திறப்போம், அவரைப் பற்றிப் பேசுவோம். வழக்கமாகச் சில நாள்களிலேயே நடத்துவது. மண்டபம் அமையாமையால் தள்ளிப்போயிற்று. நினைவுரை நான் ஆற்றவேண்டும். பிறர் வீட்டுப் படங்கள் எத்தனையோ என் சொல்லால் திறந்திருக்கின்றன. என் மனைவியின் படத்தின் முன் நான் நிமிர்ந்து நின்று பேசவேண்டும். மயங்கிச் சரிந்து நால்வர் தூக்கிச்செல்லும் காட்சியை அந்த மேடையில் நான் தரலாகாது. வேறு விருப்பம் ஏதும் இப்போது எனக்கில்லை.

தை 16, செவ்வாய்

புதிய மாத்திரை தொடங்கினேன். கணுக்கால் வீங்கலாம் என்றார்கள். வீங்கட்டும்.

தை 25, வியாழன்

காலையில் துணி உலர்த்தினேன். பின்னர்ப் பூண்டு உரித்தேன். பூண்டு உரிப்பது ஓசையில்லா வேலை என்பதால் என்னிடம் தரப்படுகிறது.

மாலையில் நகைமுத்து வங்கியிலிருந்து வரும்போது வீட்டில் அழுத்தம் பார்க்கும் சிறு கருவி ஒன்றை வாங்கிவந்தாள்.

"மகளே, இஃது எதற்கு? மருத்துவமனையில் முறையாகப் பார்க்கிறார்களே."

"மாசத்துக்கு ஒருக்கா பாக்குறது போதாதுப்பா. அப்புறம், மெல்லப் பேசுங்க. அவர் இப்பதான் கண்ண மூடுனாரு."

மெல்லப் பேசினேன். பேசும் பொருளும் தீர்ந்துபோயிற்று.

மாசி 7, திங்கள்

இரண்டாம் முறை. நூற்று அறுபத்திரண்டு. மருத்துவர் அந்தோணி உதட்டைப் பிதுக்கினார். "இன்னும் எறங்கலியே ஐயா. மாத்திரை ஒழுங்கா போடுறீங்கள்ல?" என்றார். என் வாழ்நாளில் நான் ஒழுங்காகச் செய்த செயல்களுள் இதுவும் ஒன்று என்றேன். இரண்டாவது மாத்திரை சேர்ந்தது.

அந்த அறையைப் பற்றி ஒரு சொல். அங்கே சுவர் தடிப்பானது. வெளியோசை வருவதில்லை. நாற்காலியில் சாய்ந்து, கால் பதித்து, கை நீட்டி, சொன்னபடியே அமைதியாக அமர்ந்திருந்தேன். வைகாசி உரையின் தோற்றுவாயை மட்டும் ஒருமுறை ஒப்பித்துப் பார்த்தேன். 'அவைக்கு வணக்கம். மலை சாய்ந்தால் மண் தாங்கும், மண் சாய்ந்தால் எது தாங்கும்?' என்று தொடங்குகிறது. பல மாதங்களுக்குப் பின் என் குரலை நானே கேட்டேன். பழைய வீட்டிற்குள் நுழைந்தது போலிருந்தது.

வெளியே வந்தபோது ஆரோக்கியசாமி என்னை உற்றுப் பார்த்தார்.

"உள்ள யாரு இருந்தா?"

"யாரும் இல்லை."

"யாரையோ புடிச்சு விளாசுன மாதிரி இருந்துச்சே."

யாருடனும் பேசவில்லை என்றேன். அஃது உண்மை. அவையில்லாத இடத்தில் சொல்வது பேச்சாகாது. பாடம் பார்த்தல் ஆகும். மேடையேறிய எவனும் இவ்வேறுபாட்டை அறிவான்.

மாசி 10, வியாழன்

வீட்டுக் கருவி நூற்றெட்டு என்கிறது. மருத்துவமனைக் கருவி நூற்று அறுபத்திரண்டு என்கிறது. மூன்று நாள்களில் ஒருவனுக்கு இவ்வளவு இறங்குமா? நகைமுத்து வாங்கியது பழுதுபட்டது. அவள் வருந்துவாள் என்பதால் சொல்லவில்லை. கருவியை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

மாசி 20, ஞாயிறு

காலையில் குளியலறையில் வாளியருகே குனிந்து நிமிர்ந்தேன். விளக்கு அணைந்தது என்று நினைத்தேன். அணையவில்லை. கண்விழித்தபோது தரையில் கிடந்தேன், குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

நகைமுத்துவும் மருமகனும் ஓடிவந்தனர். சவர்க்காரம் வழுக்கிற்று என்றேன்.

"சோப்பு அங்க மாடத்துல காஞ்சு கெடக்கு மாமா" என்றார் மருமகன், என்னைத் தூக்கியபடியே.

"அப்படியெனில் தண்ணீர் வழுக்கியிருக்கும்."

உறக்கம் கலைந்த கண்களுடன் என் முழங்கையில் மருந்து தடவினார். இன்று பகல் முழுவதும் அவர் உறங்கவில்லை என்று மாலையில் அறிந்தேன்.

பங்குனி 5, திங்கள்

மூன்றாம் முறை. நூற்று ஐம்பத்தெட்டு.

மருத்துவர் அந்தோணி பேனாவை மேசைமேல் வைத்தார். "எந்திரிக்கும்போது தலைச்சுத்தல் இருக்கா ஐயா? கண்ணு இருட்டுதா? எங்கயாச்சும் விழுந்தீங்களா?"

இல்லை என்றேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மகளை அழைப்பார்கள். குளியலறையில் நேர்ந்தது மயக்கம் என்று மகள் அறிந்தால் வைகாசி மேடை என்னுடையதாக இராது. எனவே இல்லை என்றேன். சிறுநீரை மிகுவிக்கும் மாத்திரை ஒன்றும் இப்போது சேர்ந்தது. காலை உணவைவிட மாத்திரைகள் மிகுதி.

அறையில் உரை நடுப்பகுதி வரை ஓடியது. 'அவள் பேசாதவள், பேசிய என்னைத் தாங்கியவள்' என்னும் இடத்தில் நின்றுவிட்டது. அதற்கு அடுத்த வரி எழுதியிருக்கிறேன், ஏட்டிலும் இருக்கிறது. தொண்டையில் மட்டும் இல்லை. கருவியின் பட்டை அதே நொடியில் கையை இறுக்கிற்று. இரைச்சலில் கவனம் சிதறியிருக்கவேண்டும்.

பங்குனி 6, செவ்வாய்

உறங்கினேன். எழுந்தேன். மீண்டும் உறங்கினேன்.

பங்குனி 18, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. ஆயினும் எழுதுகிறேன்.

நண்பர் ஒருவரின் நூல் வெளியீடு. வாழ்த்துரைக்க என்னை அழைத்திருந்தார்கள். என் பெயர் சொல்லப்பட்டது, கைதட்டினார்கள், எழுந்தேன். ஒலிவாங்கியைப் பற்றும் முன்பே அவை முழுவதும் கறுத்துப்போயிற்று. முன்வரிசையில் இருந்தவர்களின் வெள்ளைச் சட்டைகள் மட்டும் சற்று நேரம் மிதந்தன. கையில் அகப்பட்ட நாற்காலியைப் பிடித்து அமர்ந்துவிட்டேன். வீழவில்லை. அதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்: வீழவில்லை.

கொற்றவன் விரைந்து வந்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டான். ஒரு காலத்தில் எனக்கு முன்னர்ப் பேசிக் கூட்டம் சேர்த்துத் தந்தவன். இப்போது ஐம்பத்தைந்து அகவை, வெண்கலக் குரல். "ஐயா அவர்கள் உணர்ச்சிப்பெருக்கால் பேச இயலாது அமர்ந்துவிட்டார்கள்" என்றான். அவை அதற்கும் கைதட்டியது.

வீட்டுக்கு வந்ததும் நகைமுத்து என் எதிரே தரையில் அமர்ந்தாள்.

"அப்பா, வைகாசில கொற்றவன் அண்ணன் பேசட்டும்பா. நீங்க அம்மா படத்துக்குப் பக்கத்துல சும்மா உக்காந்திருங்க. போதும்."

"என் மனைவிக்கு இன்னொருவன் நினைவுரையா?"

"ஏம்ப்பா கத்துறீங்க? நீங்க பேசக்கூடாதுன்னா சொல்றேன்? நின்னு பேச முடியாதுங்கிறேன்."

"முடியும். மருத்துவம் நடக்கிறது. இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது."

"போன வருசமும் இப்படித்தான் சொன்னீங்க. மண்டபம் கெடச்சிருந்துச்சு, பந்தல்காரர்ட்டகூட சொல்லியாச்சு. நீங்கதான் வேணாம், தள்ளிப்போடுன்னீங்க."

அவள் நினைவில் பிழை இருக்கக்கூடும். மண்டபம் கிடைக்கவில்லை என்றுதான் எனக்கு நினைவு.

கடைசியில் ஓர் உடன்பாடு. சித்திரை மாதம் மருத்துவமனையில் என் அளவு நூற்றிருபதுக்கு வந்துவிட்டால் நான் பேசுவேன். வராவிட்டால் கொற்றவன். அவள் கேட்டாள், நான் தலையசைத்தேன். அரங்கங்களை அதிரவைத்தவன் ஓர் எண்ணுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறேன்.

பங்குனி 27, செவ்வாய்

வெயில் கடுமை. மருமகன் அறையில் குளிரூட்டி ஓடுகிறது. கதவிடுக்கில் காற்று கசியும் இடத்தில் என் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

உரையைப் படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. உவமைகள் உரிய இடத்தில் நிற்கின்றன. ஆனால் மறைந்தாரைப் பற்றிப் பேசும்போது அவர் சொன்ன ஒன்றை அவர் சொன்னபடியே எடுத்துரைப்பது என் வழக்கம். அவைக்கு அப்போதுதான் அவர் எழுந்துவந்தது போலிருக்கும். பிறருக்கெல்லாம் அப்படி ஒன்று கிடைத்தது. வீட்டாரிடம் கேட்டால் சொல்வார்கள்.

செல்வி சொன்னது எது? காலையிலிருந்து தேடுகிறேன். நாற்பத்தாறு ஆண்டு இல்லறம். நினைவில் வருபவை யாவும் நான் அவளிடம் சொன்னவை.

நகைமுத்துவிடம் கேட்கலாம். ஆனால் எந்த முகத்தோடு கேட்பது என்று தெரியவில்லை. களைப்பாக இருக்கிறது.

சித்திரை 9, திங்கள்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மருத்துவமனையில் குளிரூட்டி பழுது. புழுக்கம் தாங்காமல் எல்லாக் கதவுகளும் சற்றே திறந்துகிடந்தன. பானு எனக்குப் பட்டை சுற்றி, வழக்கமான சொற்களைச் சொல்லி, கதவைச் சிறிது திறந்தவாறே வைத்துவிட்டு வெளியேறினார். இன்றைய எண்ணில்தான் வைகாசி தங்கியிருக்கிறது என்பதை நான் அறிவேன். கால்களைப் பதித்தேன். முதுகைச் சாய்த்தேன். உரையைத் தொடங்கினேன்.

இம்முறை அந்த வரியைக் கடந்தே தீர்வது என்னும் முடிவோடு சொன்னேன். 'அவள் பேசாதவள், பேசிய என்னைத் தாங்கியவள்!' மீண்டும் சொன்னேன். இன்னும் ஓங்கிச் சொன்னேன். கருவி உறுமத் தொடங்கியது. அதன் உறுமலுக்கு மேலே என் குரலை உயர்த்தினேன்.

கதவு முழுவதும் திறந்தது. பானு நின்றார். அவர் பின்னால் ஆரோக்கியசாமியின் தலை.

"ஐயா... நீங்க பேசிக்கிட்டா இருக்கீங்க?"

"பேசவில்லையம்மா. ஓர் உரையைப் பாடம் பார்த்துக்கொண்டிருந்தேன்."

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் ஆரோக்கியசாமி. "கூட்டமே நடக்குது உள்ள. தண்ணி சோடாதான் குடுக்கல."

பானு சிரிக்கவில்லை. கருவியின் முகப்பைப் பார்த்தார். நூற்று அறுபது. மெல்ல அருகில் வந்து முக்காலியில் அமர்ந்தார்.

"ஒவ்வொரு தடவையும் பேசுனீங்களா ஐயா? முத தடவையிலிருந்தா?"

"இரண்டாம் முறையிலிருந்து. முதன்முறை வாய்க்குள் மட்டும்."

"ஐயோ" என்றார். அவர் முகம் வெளுத்துப்போயிற்று. "பேசுனா பிரசர் ஏறும் ஐயா. நீங்க பேசுற பேச்சுக்கு எவ்வளவு ஏறும்? அதப் பாத்துப் பாத்துத்தான் டாக்டர் மாத்திரய ஏத்திக்கிட்டே போறாரு. வீட்ல எவ்வளவு காட்டுது?"

மேல்தட்டில் இருக்கும் கருவியைப் பற்றிச் சொன்னேன். பழுதுபட்டது என்றேன்.

"அது பழுதில்ல ஐயா" என்றார்.

மருத்துவர் அந்தோணி வந்தார். அவரே பட்டையைச் சுற்றினார். பானு என் எதிரே அமர்ந்து, தம் உதட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டார். ஐந்து மணித்துளி நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவில் முகப்பில் நூற்று நான்கு. என்னை எழுந்து நிற்கச் சொல்லி மீண்டும் பார்த்தார்கள். எண்பத்திரண்டு. அந்த எண்ணை நான் பார்ப்பதற்குள் மருத்துவர் என் தோளைப் பிடித்து அமரவைத்துவிட்டார்.

"விழுந்தீங்களா?"

"ஒருமுறை. நூல் வெளியீட்டில் பாதி."

"கேட்டப்ப ஏன் சொல்லல? இடுப்பு ஒடஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்? இந்த வயசுல அதுக்கப்புறம் எந்திரிக்கவே முடியாது, தெரியுமா?" அவர் குரல் உயர்ந்தது, பின் தாழ்ந்தது. "தப்பு எங்க மேலயும் இருக்கு. உங்க கூட ஆள் உக்காரவச்சிருக்கணும்."

"அப்போ என் அளவும் தப்பா?" என்று வெளியிலிருந்து ஆரோக்கியசாமி கேட்டார். "நான் உள்ள தூங்கிருவேனே!"

இரண்டு மாத்திரைகளை உடனே நிறுத்தினார்கள். ஆய்விலிருந்து என்னை நீக்கிவிடுவீர்களா என்று கேட்டேன். நீக்குவதில்லையாம். என் பிழை, அவர்கள் பிழை, என் வீழ்ச்சி எல்லாவற்றையும் நடந்தபடி எழுதி மேலிடத்திற்கு அனுப்புவார்களாம். "கெழவங்களுக்கு மாத்திர ஏத்துனா என்ன ஆகும்னு பாக்கத்தானே ஐயா இந்த ஆராய்ச்சியே. கெழவங்க இப்படியும் செய்வாங்கங்கிறதும் அதுல ஒண்ணுதான்" என்றார் மருத்துவர். சொன்னபின் தாமே சிரித்தார். எனக்குச் சிரிக்க வலுவில்லை.

புறப்படும்போது பானு மெதுவாகக் கேட்டார். "யாரப் பத்தி ஐயா அந்தப் பேச்சு?"

சொன்னேன்.

"அம்மா எப்படிப் பேசுவாங்க?"

அந்தக் கேள்வியோடு வீடு வந்து சேர்ந்தேன்.

சித்திரை 10, செவ்வாய்

நகைமுத்துவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சினப்பாள் என்று காத்திருந்தேன். அவள் அலமாரியின் மேல்தட்டிலிருந்து கருவியை எடுத்துத் தூசி துடைத்தாள்.

"ஆஸ்பத்திரில போய்ப் பேசிருக்கீங்க. இங்க பேச எடமில்லன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"மருமகன் உறங்குகிறாரே."

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "நான் முழிச்சுத்தான் மாமா இருக்கேன்."

சித்திரை 23, திங்கள்

காலையில் பூண்டு உரித்தேன். இம்முறை நானே கேட்டு வாங்கினேன். பிறகு மருத்துவமனை.

பானு பட்டை சுற்றினார். "நான் கூட உக்காரவா ஐயா?" என்றார். வேண்டாம், இம்முறை நம்பலாம் என்றேன். கதவில் புதிதாக ஒரு சிறு கண்ணாடி பொருத்தியிருந்தார்கள். அது எனக்காகவே வந்தது என்று நினைக்கிறேன்.

கதவு மூடியது. முதல் மணித்துளி எளிதாக இருந்தது. இரண்டாவதில் உரையின் முதல் வரி தானாக நாவிற்கு வந்தது. பல்லைக் கடித்தேன். உவமைகள் ஒவ்வொன்றாக வந்து வாயில் முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பின. அதன் பின்னர் ஒன்றும் வரவில்லை. அந்த ஒன்றுமின்மை எனக்குப் பழக்கமில்லாதது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. கையில் பட்டை இருந்தது.

பிறகு முருங்கைக்காய் மணம் வந்தது. சொன்னால் நகைப்பார்கள், அந்த அறையில் மருந்துநெடி தவிர வேறில்லை.

பழைய வீட்டின் அடுக்களை. ஏதோவொரு பெருங்கூட்டம் முடித்து வந்திருக்கிறேன். குழம்பில் உப்புக் குறைவு என்பதிலிருந்து தொடங்கி, உழைக்கும் மக்களுக்கு உப்பு எவ்வளவு இன்றியமையாதது என்பது வரை போய்க்கொண்டிருக்கிறேன். கை உயர்கிறது, குரல் உயர்கிறது. செல்வி முருங்கைக்காயை நார் உரித்துக்கொண்டிருக்கிறாள். தலை நிமிராமலே சொல்கிறாள்:

"மைக்கு வேணாங்க. வீட்ல நான் ஒருத்திதான் இருக்கேன்."

சினமில்லை அந்தக் குரலில். சிறு நகைப்புக்கூட இருந்தது. நான் என்ன மறுமொழி சொன்னேன்? பேச்சைத் தொடர்ந்தேன்.

கருவி இறுக்கிற்று, விட்டது, இறுக்கிற்று. பானு உள்ளே வந்தபோது முகப்பைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். மேசையிலிருந்த பஞ்சை எடுத்துத் தந்தார். மருத்துவமனையில் கண்ணைத் துடைக்க அதுதான் இருக்கிறது.

"எவ்வளவு அம்மா?"

"நூத்திப் பதினெட்டு. நின்னாலும் நூத்திப் பத்துக்குக் கொறையல. பேசலாம் ஐயா நீங்க. ஆனா ஒரு நாற்காலி போட்டுக்கங்க. எந்திரிக்கறப்ப மெதுவா."

ஆரோக்கியசாமி வெளியே காத்திருந்தார். "என்ன, இன்னைக்குக் கூட்டம் ரத்தா?" என்றார்.

"ஒத்திவைப்பு" என்றேன்.

வைகாசி 2, புதன்

எழுதிய உரையை மடித்து வைத்துவிட்டேன். நகைமுத்து எங்கே என்று கேட்டாள். தேவையில்லை என்றேன். மீண்டும் தலை சுற்றுகிறதோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வைகாசி 6, ஞாயிறு

மண்டபம் நிரம்பியிருந்தது. பாதிப்பேர் செல்விக்காக வந்தவர்கள். பாதிப்பேர் நான் பேசுவேனா வீழ்வேனா என்று காண வந்தவர்கள். இரண்டிலும் பிழையில்லை.

கொற்றவன் தலைமையேற்றான். "எரிமலை நிகர் நாவலர், எங்கள் ஆசான், பெருவழுதியார் இப்போது நினைவுரை ஆற்றுவார்!" என்று முழங்கினான். மேடையில் நாற்காலி போடப்பட்டிருந்தது. அமர்ந்து பேசுவோரை நான் ஒருகாலத்தில் எள்ளியிருக்கிறேன். அமர்ந்தேன். ஒலிபெருக்கி அமைப்பவர் ஒலிவாங்கியை என் வாய்க்கு நேரே தாழ்த்தித் தந்தார்.

செல்வி எப்போதும் அமரும் இடத்தைப் பார்த்தேன். கடைசி வரிசை, சுவரோரம். அங்கே பானு அமர்ந்திருந்தார்; பக்கத்தில் ஆரோக்கியசாமி, சலவைச் சட்டையில்.

"ஐந்து மணித்துளி அமைதி வேண்டுகிறேன்" என்றேன். "முதுகைச் சாய்த்துக்கொள்ளுங்கள். இரு கால்களையும் தரையில் பதியுங்கள். கால்மேல் கால் வேண்டாம்."

சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின் நாற்காலிகள் நகரும் ஓசை எழுந்து அடங்கியது. இரங்கலுக்கு ஒரு மணித்துளி நிற்பதே இந்த அவைக்குப் பழக்கம். அது கடந்ததும் இருமத் தொடங்கினார்கள். யாரோ ஒரு குழந்தை "முடிஞ்சிருச்சா?" என்றது. ஒலிபெருக்கிக்காரர் தம் கருவி கெட்டுவிட்டது என்று பதறி ஓடிவந்து, ஒலிவாங்கியைத் தட்டி, "அலோ, மைக் டெஸ்ட்டிங்" என்றார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு ஓய்ந்ததும் உண்மையான அமைதி வந்தது. மின்விசிறிகளின் ஓசை கேட்டது. நகைமுத்து அழுவது கேட்டது.

நேரம் முடிந்ததும் ஒலிவாங்கியின் விசையை அணைத்து, அதைத் தள்ளி வைத்தேன்.

முருங்கைக்காயைச் சொன்னேன். உப்பைச் சொன்னேன். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே சொன்னேன்: "மைக்கு வேணாங்க. வீட்ல நான் ஒருத்திதான் இருக்கேன்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "ஐயா, கேக்கல! மைக்கைப் போடுங்க!"

கொற்றவன் விசையை நோக்கிக் கை நீட்டினான். தடுத்தேன். அதே குரலில் மீண்டும் ஒருமுறை சொன்னேன். வரிசை வரிசையாக அனைவரும் முன்னே சாய்ந்தார்கள். கடைசி வரிசையில் ஆரோக்கியசாமி காதைக் கையால் குவித்துக்கொண்டார்.

அதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மெல்ல எழுந்தேன். நின்றேன். இருள் வரவில்லை. திரையை விலக்கினேன்.

வைகாசி 7, திங்கள்

உடம்பெல்லாம் வலி. மாத்திரை ஒன்றுதான், விழுங்கினேன்.

படத்தைக் கூடத்தில், என் கட்டிலுக்கு எதிரே மருமகன் மாட்டித் தந்திருக்கிறார். ஆணி அடிக்கும் ஓசைக்காக அவரே என்னிடம் பொறுத்தருளக் கேட்டார்.

அவர் உறங்கப்போனபின் வீட்டுக் கருவியை எடுத்தேன். பட்டையைச் சுற்றி, கால்களைப் பதித்து, அவளுக்கு எதிரே ஐந்து மணித்துளி அமர்ந்தேன். கருவி இறுக்கிற்று, விட்டது. நான் பேசவில்லை.

எண்ணைப் பார்க்க மறந்துவிட்டேன். மீண்டும் கட்டவேண்டும்.